ஓடி முடித்த பிறகு மாறும் அளவுகோல்

(அரியலூரில் மாணவர்களும் பெரம்பலூர், அரியலூர் பகுதித் தோழர்களும் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



இந்தக் கூட்டத்தில் கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கவிதை அடுத்த முறை ஆகட்டும், இந்த முறை ஓர் ஓட்டப் பந்தயத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று நானாகத்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். "ஓட்டப் பந்தயத்துக்கும் நம்ம அரசியலுக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்று ஏற்பாடு செய்த தம்பி கேட்டார். சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பேச்சு முடிந்ததும் நீங்களே சொல்லுங்கள்.

பந்தயம் நடந்த நாள் 2006 டிசம்பர் 9. இடம் கத்தார் நாட்டின் தோகா நகரம். ஆசிய விளையாட்டுப் போட்டி, பெண்கள் 800 மீட்டர் ஓட்டம். 400 மீட்டர் தடத்தில் இரண்டு சுற்று. முதலில் வந்தவர் பஹ்ரைனுக்காக ஓடிய மரியம் யூசுப் ஜமால். இரண்டாவது வந்தவர் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன். நேரம் 2 நிமிடம் 3.16 விநாடி. மூன்றாவது வந்த கஜகஸ்தான் வீராங்கனைக்கும் சாந்திக்கும் நடுவில் இருந்தது ஒரு விநாடியில் நூறில் மூன்று பங்கு. கண் இமைக்கிற நேரம்கூட அது இல்லை. வெள்ளிப் பதக்கம்.

பத்து நாள் ஆவதற்குள் பாலினச் சோதனையில் அவர் 'தேறவில்லை' என்று தொலைக்காட்சிகள் சொல்லத் தொடங்கின. பதக்கம் பறிக்கப்பட்டது. ஓடிய ஓட்டம் ஓடாததாக ஆக்கப்பட்டது. இதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சாந்தி 1981இல் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். தலித் குடும்பம். அப்பா, அம்மா இருவரும் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். சூளை வேலை என்றால் என்னவென்று இந்த அரங்கில் நான் விளக்க வேண்டியதில்லை. குடும்பமாக முன்பணம் வாங்கிக்கொண்டு, குடும்பமாகப் போய், மண் குழைத்து, அச்சில் போட்டு அறுத்து, காயவைத்து, சுமந்து அடுக்கி, எத்தனை கல் அறுத்தாலும் கணக்கு அவன் நோட்டில்தான் இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஓடக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாத்தா. அவரே ஓட்டக்காரர். பேத்திக்கு ஷூ வாங்கிக் கொடுத்ததும் அவர்தான் என்று சாந்தி சொல்லியிருக்கிறார்.

நம் பிள்ளைகள் ஏன் பெரும்பாலும் ஓட்டத்துக்கே வருகிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? டென்னிசுக்கு மட்டை வேண்டும், அதைவிட மேலாக கிளப்பில் உறுப்பினராக வேண்டும். நீச்சலுக்குக் குளம் வேண்டும். ஊர்க் கிணற்றில் இறங்கினாலே அடிக்கிற நாடு இது. ஓட்டத்துக்குக் கால் இருந்தால் போதும். அதிலும் 800, 1500 மாதிரி நடுத்தூர ஓட்டம் மூச்சும் பிடிவாதமும் கேட்கிற ஓட்டம். பட்டினியைத் தாங்கிப் பழகிய உடம்பு வலியையும் தாங்கும் என்று நினைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் அதில் இறங்குகிறார்கள். சாந்தியும் சரியான சாப்பாடு இல்லாமல் வளர்ந்தவர்தான். அப்படி வளர்ந்தவர் 2005இல் இன்சியானில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். 2006இல் கொழும்பில் நடந்த தெற்காசியப் போட்டியில் 1500 மீட்டரில் தங்கம், தொடர் ஓட்டத்தில் தங்கம், 800 மீட்டரில் வெள்ளி. தோகா திடீரென்று வந்ததல்ல. பல வருஷத்து உழைப்பின் உச்சி அது.

தோகாவில் என்ன நடந்தது என்பதை அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பந்தயம் முடிந்து சோதனைக்கு அழைத்துப் போனார்கள். இரத்தம் எடுத்தார்கள். உடையைக் களையச் சொன்னார்கள். என்ன சோதனை, எதற்காக என்று அவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல ஆள் இல்லை. நாட்டின் கொடியைப் போர்த்திக்கொண்டு ஓடி வந்த பெண்ணோடு, அந்த அறைக்குள் நாட்டின் சார்பாகக் கைபிடித்து நிற்க ஒருவர் இல்லை. பிறகு ஊர் திரும்பினார். செய்தி தொலைக்காட்சியில் வந்தது. அவர் பெயரோடு, அவர் முகத்தோடு, அவர் உடம்பின் இரகசியம் என்று சொல்லப்பட்டதோடு சேர்த்து வந்தது. ஒரு மனுஷியின் மருத்துவக் குறிப்பு அவர் கைக்குப் போகும் முன்னால் நாட்டு மக்கள் அனைவரின் சாப்பாட்டுத் தட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்தக் குறிப்பில் என்ன இருந்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நான் இங்கே வாசிக்கப்போவதில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை. சாந்தி தன்னைப் பெண் என்கிறார். பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாக ஓடியவர். எனக்கு அது போதும்.

இனி என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2006 டிசம்பரில் நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்போது அரியலூர் தனி மாவட்டம் இல்லை, பெரம்பலூரோடு சேர்ந்திருந்தது. மறுவருஷம் 2007 நவம்பரில்தான் பிரிந்தது. எங்கள் சேரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் ரோடு. விடியற்காலையில் அந்த ரோட்டோரமாகத்தான் ஓடிப் பழகினேன். லாரி போனால் புழுதி அடங்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு ஓடுவேன். பி.டி. சார் அதைப் பார்த்துவிட்டு, "உனக்கு 800தான் சரி" என்றார். சோனல் மீட்டில் முதலிடம். மாவட்ட மீட்டில் மூன்றாமிடம். அப்பா சுரங்கத்துக் கூலி. சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டினார். எங்கள் வீட்டில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது இரண்டே படம்தான்: அம்பேத்கர் படம், அதற்குப் பக்கத்தில் என் சான்றிதழ்.

சாந்தி ஜெயித்த செய்தி வந்தபோது பி.டி. சார் வகுப்புக்கே வந்து, "பக்கத்து மாவட்டப் பொண்ணு, உன் ஐட்டம்தான்" என்று சொன்னார். பத்து நாள் நான் தரையில் நடக்கவில்லை. அடுத்த செய்தி வந்தது. மறுநாள் மைதானத்தில் பையன்கள் என்னை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என்ன பெயர் தெரியுமா? 'சாந்தி'. பத்து நாளைக்கு முன்னால் அந்தப் பெயர் எனக்குப் பெருமை. அன்றைக்கு அது வசவு. ஊர்த்தெருப் பையன்கள் மட்டும் கூப்பிட்டார்கள் என்று சொன்னால் பொய். எங்கள் தெருப் பையன்களும் சேர்ந்துதான் கூப்பிட்டார்கள்.

வீட்டில் அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "வேணாம் ஆயி. ஓடுனது போதும். நாளைக்கு ஒன்னையும் அவுத்துப் பாக்கணும்பானுவ. நம்மளால என்ன பண்ண முடியும்?"

அப்பா மீது எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, இப்போது இல்லை. அவருக்கு விளையாட்டு விதி தெரியாது. ஆனால் நம் பெண்களின் உடம்பு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், தொடலாம், சோதிக்கலாம் என்று இந்த ஊர் காலகாலமாக வைத்திருக்கும் விதி தெரியும். தோளில் துணி போடக் கூடாது என்று சொன்னவர்களும், எந்தப் பாதையில் நடக்கலாம் என்று சொன்னவர்களும் எழுதிய விதி அது. தோகாவின் அந்த அறையை அப்பா பார்த்ததில்லை. ஆனாலும் அந்த அறை அவருக்குப் பழக்கமானதுதான். சாந்தியிடமிருந்து ஒரு பதக்கத்தைப் பறித்தார்கள் என்று கணக்கு எழுதுகிறவர்கள், அந்த வாரம் எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளைகள் ஓட்டத்தை நிறுத்தினார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

இந்தச் சோதனைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதன்முதலாக 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஓடி முடித்த பெண்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் பெரிதுபடுத்தி எழுதின. பெண் உடம்பு இதைத் தாங்காது என்று சொல்லி அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். மறுபடி வந்தது 1960 ரோம் ஒலிம்பிக்கில். 32 வருஷம்! பெண்ணுக்கு 800 மீட்டர் தாங்காது என்றார்கள். தாங்கி, வேகமாகவும் ஓடிக் காட்டியபோது, இவள் பெண்தானா என்று கேட்டார்கள். 1966இல் ஐரோப்பியப் போட்டிக்கு வந்த பெண்களை மருத்துவர்கள் முன்னால் நிர்வாணமாக நிறுத்திப் பார்த்தார்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கிலிருந்து கன்னத்துச் சதையைச் சுரண்டிக் குரோமோசோம் பார்த்தார்கள். 1985இல் ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோஸே மார்த்தினெஸ் பத்தினோ இந்தச் சோதனையில் விலக்கப்பட்டார். செய்தியைக் கசியவிட்டார்கள். பட்டம் போனது, உதவித்தொகை போனது. அவர் விடாமல் போராடி 1988இல் திரும்ப ஓடும் உரிமையை வாங்கினார். எல்லாப் பெண்களையும் சோதிப்பதை உலகத் தடகள அமைப்பு 1990களின் தொடக்கத்திலும் ஒலிம்பிக் குழு 1999இலும் கைவிட்டன. ஏன் கைவிட்டார்கள்? இயற்கை ஆண், பெண் என்று இரண்டே பெட்டியில் அடைத்து அனுப்புவதில்லை, எந்த ஒற்றைச் சோதனையும் அந்தக் கோட்டைத் துல்லியமாகப் போட முடியாது என்று மருத்துவர்களே சொன்னார்கள்.

ஆனால் ஒரு வாசலைத் திறந்தே வைத்தார்கள். 'சந்தேகம்' வந்தால் சோதிக்கலாம்! தோழர்களே, அந்த ஒரு சொல்லில்தான் அத்தனையும் இருக்கிறது. சந்தேகம் யார் மேல் வரும்? ஒல்லியாக, கறுப்பாக, மார்பு தட்டையாக, ஒப்பனை இல்லாமல், அவர்கள் மனசில் வைத்திருக்கும் பெண் சித்திரத்துக்குப் பொருந்தாமல் வருகிறவள் மேல் வரும். இரவில் ரோட்டில் போகும்போது போலீஸ்காரருக்கு யார் மேல் சந்தேகம் வருகிறதோ, அதே மாதிரிதான். சந்தேகம் என்பது நடுநிலையான சொல் அல்ல. அதற்கு நிறம் உண்டு, வர்க்கம் உண்டு, இந்த நாட்டில் சாதியும் உண்டு.

'இயற்கையாக அதிக வலு இருந்தால் மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா?' என்று நியாயமாகவே சிலர் கேட்கிறார்கள். கேள்வியை ஒதுக்கவில்லை. மருந்து எடுப்பது வேறு. அதே தோகாவில், அதே 800 மீட்டரில், 2019 ஏப்ரலில் திருச்சி மாவட்டத்து கோமதி மாரிமுத்து தங்கம் வாங்கினார். தடை செய்யப்பட்ட மருந்து அவர் மாதிரியில் இருந்ததாகச் சொல்லி நான்கு ஆண்டு தடை விதித்தார்கள். அது வெளியிலிருந்து உள்ளே போவதைப் பற்றிய வழக்கு. சாந்தி மேல் போட்டது பிறப்பைப் பற்றிய வழக்கு. பிறந்ததற்காக ஒருவரைக் குற்றவாளி ஆக்குவது இந்த நாட்டில் யாருக்கு நடந்திருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. அடுத்தது, இயற்கை கொடுத்த சாதகம் என்றால் உயரமும் சாதகம்தான், பெரிய நுரையீரலும் சாதகம்தான், மலைநாட்டில் பிறந்து வளர்ந்ததும் சாதகம்தான். அதற்கெல்லாம் சோதனை இல்லை. மூன்று வேளை பால், முட்டை, வெளிநாட்டுப் பயிற்சியாளர், மசாஜ் பண்ண ஆள், இவையும் சாதகம்தான். சூளையிலிருந்து வந்தவளுக்கும் அவற்றோடு வந்தவளுக்கும் நடுவில் இருக்கும் அநியாயத்தை அளக்க எந்த விளையாட்டு அமைப்பும் இதுவரை ஒரு கருவி கண்டுபிடிக்கவில்லை. அளக்க விரும்புகிற ஏற்றத்தாழ்வை மட்டும்தான் அளக்கிறார்கள்.

பி. பாலு என்ற பல்வங்கர் பாலுவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்த தலித் பந்து வீச்சாளர். பூனாவில் வெள்ளைக்காரர்கள் கிளப்பில் மைதானம் பராமரிக்கிற வேலையில் இருந்தவர். அவர்களுக்குப் பந்து போட்டுப் போட்டே கற்றுக்கொண்டார். பந்து போட விட்டவர்கள் மட்டையைக் கையில் கொடுக்கவில்லை. பிறகு இந்து அணியில் அவர் இல்லாமல் ஜெயிக்க முடியாது என்ற நிலை வந்தது. சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்துக்குள் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியில், மண் குவளையில் தேநீர். தலைவர் பதவியோ அவருக்குக் கடைசிவரை வரவில்லை. உன் கை வேண்டும், நீ வேண்டாம். சாந்தியிடம் சொன்னதும் இதுதான்: உன் கால் வேண்டும், நீ வேண்டாம்.

நான் வங்கியில் எழுத்தராக வேலை பார்க்கிறேன். ஒரு நாள் எங்கள் ஊர்ப் பாட்டி ஒருவர் நூறு நாள் வேலைக் கூலி எடுக்க வந்தார். கைரேகை வைக்கச் சொன்னேன். மிஷின் ஒத்துக்கொள்ளவில்லை. துடைத்து வைத்தார். ஒத்துக்கொள்ளவில்லை. வேறு விரல், மறுபடி இல்லை. அறுபது வருஷம் களை வெட்டி, கல் உடைத்து, ரேகை தேய்ந்துபோன விரல். எனக்கு அவரைச் சின்ன வயசிலிருந்து தெரியும். "ஆயா, நீங்கதான்னு மிஷின் சொல்ல மாட்டேங்குது" என்றேன். அவர் என்னையே பார்த்துவிட்டு, "நீ சொல்ல மாட்டியா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்றைக்குப் பதில் இல்லை. வேறு வழியில் அவருக்குப் பணம் கிடைக்க இரண்டு நாள் ஆனது. உழைப்பே ஆளின் அடையாளத்தை அழித்துவிட்டது. அழிந்ததற்குத் தண்டனையும் அவருக்கே. சாந்தியை நினைக்கும்போதெல்லாம் அந்த ஆயாவின் கேள்வி நினைவுக்கு வருகிறது. இந்திய விளையாட்டு அதிகாரிகளைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். மிஷின் சொல்லவில்லை, சரி. நீ சொல்ல மாட்டாயா?

சொல்ல முடியும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. 2009இல் பெர்லின் உலகப் போட்டியில் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யா 800 மீட்டரை 1 நிமிடம் 55.45 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். அதே சந்தேகம், அதே சோதனை, அதே செய்திக் கசிவு. ஆனால் அந்த நாட்டு அரசும் மக்களும் தெருவுக்கு வந்து 'இவள் எங்கள் பிள்ளை' என்றார்கள். நிறவெறியை அனுபவித்தவர்களுக்கு ஒரு கறுப்புப் பெண்ணின் உடம்பை அளப்பதன் அர்த்தம் உடனே விளங்கியது. செமென்யா பதக்கத்தை இழக்கவில்லை. மறுவருஷம் திரும்ப ஓட வந்தார், ஒலிம்பிக் தங்கமும் வாங்கினார். மூன்றே வருஷத்துக்கு முன்னால் சாந்திக்கு நடந்தபோது, இந்திய அதிகாரம் 'பதக்கத்தைக் கொடுத்துவிடு' என்றதோடு கையைக் கழுவியது. 2014இல் ஒடிசாவின் துத்தி சந்தை இதே காரணத்துக்காகக் காமன்வெல்த் போட்டி அணியிலிருந்து நீக்கியபோது நிலைமை கொஞ்சம் மாறியிருந்தது. இந்திய விளையாட்டு ஆணையமே மேல்முறையீட்டுக்குத் துணை நின்றது. 2015 ஜூலையில் பன்னாட்டு விளையாட்டு நடுவர் மன்றம் அந்த விதியை நிறுத்திவைத்தது. துத்திக்காகப் பேசியவர்கள் சாந்திக்கு நடந்ததை நினைவில் வைத்திருந்தார்கள். சாந்தி கொடுத்த விலையில் அடுத்தவளுக்கு வழி திறந்தது.

அந்த வழியும் மறுபடி அடைபடுகிறது. 2018இல் 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டும் புதிய விதி போட்டார்கள். செமென்யாவின் 800 அதற்கு நடுவில் இருந்தது. அவர் நீதிமன்றம் நீதிமன்றமாகப் போனார். அவர் வழக்கு நியாயமாக விசாரிக்கப்படவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னது. அதே 2025 செப்டம்பர் முதல், உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட வேண்டுமானால் மரபணுச் சோதனை கட்டாயம் என்று உலகத் தடகள அமைப்பு கொண்டுவந்துவிட்டது. 1990களில் கைவிட்டதை வேறு பெயரில் எடுத்துவிட்டார்கள். இனி சந்தேகம்கூடத் தேவையில்லை. நாளை இந்த மாவட்டத்திலிருந்து ஒரு பிள்ளை உலகப் போட்டிக்குப் போனாலும் முதலில் அந்த வாசலில் நிற்க வேண்டும்.

அரியலூரில் நின்றுகொண்டு இதைப் பேசும்போது இன்னொரு பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் நகர முடியாது. குழுமூர் அனிதா. பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176. அவர்கள் வைத்த பாடம், அவர்கள் வைத்த பரீட்சை, அவர்கள் திருத்திய விடைத்தாள். அதில் ஜெயித்துவிட்டு நின்றபோது, அது செல்லாது, மருத்துவம் படிக்க இனி வேறு பரீட்சை என்றார்கள். உச்சநீதிமன்றம் வரை போய் நியாயம் கேட்டார். 2017 செப்டம்பர் 1 அன்று நம்மை விட்டுப் போய்விட்டார். 1176 என்ற எண்ணையும் 2 நிமிடம் 3.16 விநாடி என்ற எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டும் உழைத்துச் சம்பாதித்த எண்கள். இரண்டையும் சம்பாதித்த பிறகுதான் அளவுகோலை மாற்றினார்கள். நமக்குத் தகுதி இல்லை என்பார்கள். தகுதியைக் காட்டினால் தகுதியின் அர்த்தத்தை மாற்றுவார்கள். 'தகுதி, திறமை' என்று இடஒதுக்கீட்டுக்கு எதிராகப் பேசுகிறவர்களிடம் இந்த இரண்டு எண்களையும் காட்டுங்கள்.

அனிதாவை நாம் இழந்துவிட்டோம். சாந்தி இருக்கிறார். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2007 செப்டம்பரில் அவரும் உயிரை விட முயன்றார். காப்பாற்றப்பட்டார். தமிழக முதல்வராக இருந்த கலைஞர் கருணாநிதி, சோதனைச் செய்தி வந்த பிறகும் 15 லட்ச ரூபாய் பரிசை நிறுத்தாமல் கொடுத்தார். அதை மறைக்கக் கூடாது. அந்தப் பணத்தில் சாந்தி என்ன செய்தார் தெரியுமா? புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். அவரிடம் பயின்றவர்கள் 2009 சென்னை மாரத்தானில் ஜெயித்தார்கள். தன்னை ஓடக் கூடாது என்று சொன்ன உலகத்துக்கு ஓட்டக்காரர்களை உண்டாக்கி அனுப்பினார். ஆனால் அவருக்கு இருந்தது ஒப்பந்தப் பயிற்சியாளர் வேலை, மாதம் 5000 ரூபாய். அதில் வாழ முடியாமல் மறுபடி சூளைக்குப் போனார். 2012இல் ஆசியப் பதக்கம் வாங்கிய கால்கள் நாள் கூலி 200 ரூபாய்க்கு மண் மிதித்தன. அந்தச் செய்தி வெளிவந்த பிறகுதான் பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயப் படிப்புக்கு இடம் கிடைத்தது. படித்து முடித்தார். தாழ்த்தப்பட்டோர் ஆணையம் வரை முறையிட்டார். 2016இல்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் ஆனார். வெள்ளிப் பதக்கத்திலிருந்து நிரந்தர வேலைக்கு வந்து சேரப் பத்து வருஷம். பதக்கம் மட்டும் திரும்பவில்லை.

இதே தமிழ்நாட்டில், இடைப்பால் கூறுகளோடு பிறக்கும் குழந்தைகளுக்கு உயிராபத்தான நிலை தவிர பாலினம் 'திருத்தும்' அறுவை சிகிச்சை செய்யக் கூடாது என்று 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. ஆகஸ்டில் அரசு ஆணையும் வந்தது. இந்தியாவிலேயே முதல் ஆணை. குழந்தையின் உடம்பை அப்படியே ஏற்றுக்கொள் என்று சொல்லும் சட்டம் நம்மிடம் இருக்கிறது. அந்தக் குழந்தை வளர்ந்து ஓட வந்தால் ஏற்றுக்கொள் என்று சொல்ல ஆள் இல்லை.

கடைசியாக நம்மைப் பற்றி. மற்றவர்களைத் திட்டிவிட்டு மேடையை விட்டு இறங்குவது சுலபம். நம் மேடைகளில் சாந்தியின் பெயர் எத்தனை முறை ஒலித்திருக்கிறது? வெண்மணியைப் பேசுகிறோம், மேலவளவைப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். சாந்தி விஷயம் வந்தால் நமக்கும் கூச்சம் வருகிறது. 'அது உடம்பு சமாச்சாரம்' என்று ஒதுங்குகிறோம். தீண்டாமையே உடம்புச் சமாச்சாரம்தானே தோழர்களே? எந்த உடம்பு எங்கே நிற்கலாம், எதைத் தொடலாம், எதை உடுத்தலாம் என்பதுதானே சாதி? சேரிக்குள் இருக்கும் ஆண் அதிகாரம் ஒரு பெண்ணின் உடம்பைக் கேலி செய்யும்போது, அது ஊர்த்தெருவின் குரலில்தான் பேசுகிறது. என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட எங்கள் தெருப் பையன்களில் ஒருவர் இன்று இயக்கத்தில் இருக்கிறார். நல்ல உழைப்பாளி. இந்த அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவரிடம் பேசிவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

செய்ய வேண்டியவை பெரிதாக ஒன்றும் இல்லை. சாந்தியின் பதக்கத்தைத் திரும்பக் கேட்டு இந்திய அரசும் ஒலிம்பிக் சங்கமும் வாதாட வேண்டும் என்று தீர்மானம் போடுவோம். நம் எழுத்தில், பேச்சில் அவரை 'பதக்கம் பறிகொடுத்தவர்' என்று எழுதுவதை நிறுத்துவோம். '2006 ஆசிய வெள்ளிப் பதக்க வீராங்கனை' என்று எழுதுவோம். நலத்துறை விடுதிகளில் படிக்கும் தங்கைகளுக்குக் காலையில் ஓட இடமும், ஓடிவிட்டு வந்தால் ஒரு முட்டையும் கேட்டு மனு கொடுப்போம். ஓடுகிற பிள்ளையின் அப்பாவிடம் போய், சோதனை என்று யாராவது வந்தால் உங்கள் பெண் தனியாக நிற்க மாட்டாள், நாங்கள் நிற்போம் என்று சொல்வோம். என் அப்பாவிடம் அன்றைக்கு அப்படி ஒருவர் வந்து சொல்லியிருந்தால் போதும்.

அந்தச் சான்றிதழ் இன்னும் வீட்டில் இருக்கிறது. கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. அதில் இடம் மட்டும்தான் எழுதியிருக்கும், நேரம் எழுதியிருக்காது. நேரத்தை பி.டி. சார் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். இருபது வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்ற பயம். இன்றைக்குச் சொல்கிறேன்: மண் தரையில், செருப்பில்லாத காலோடு, 800 மீட்டர், 2 நிமிடம் 41 விநாடி. சாந்தியைவிட 38 விநாடி பின்னால்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். தங்கைகள் முதலில் கேட்கட்டும்.